ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே

அன்பும் பண்பும் மிகுந்த மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் அக்காவும் உயிரோடு இருக்கிறோம். அங்கே தாங்களும், தங்கள் துணைவியாரும், பிள்ளைகளும், தங்களுடைய டிக்கெட் பதிவுக் கடையும், அந்தக் கடை வாசலில் 'நீங்கள் போகுமிடம் எங்கள் பொறுப்பு' என்று கொட்டை எழுத்தில் தொங்கும் பலகையும் நலமாக இருக்க விரும்புகிறேன். மரியாதைக்கு எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இந்த வரியோடு அது முடிகிறது.

உம் அக்கா போனில் நல்ல செய்தியை மட்டும் உம்மிடம் சொல்லியிருக்கிறாள். "எல்லாம் சௌகரியமா இருக்கு தம்பி, ரூம் நல்லா இருக்கு" என்று அவள் சொன்னது பக்கத்தில் நின்ற என் காதிலேயே விழுந்தது. தம்பி என்றால் அவளுக்கு மனசு உருகிவிடும். எனக்கு உருகாது. நான் ஆயுசெல்லாம் அச்சகத்தில் உட்கார்ந்து ஊரார் எழுதியதில் பிழை பொறுக்கியவன். நடந்ததை நடந்தபடி எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. போனில் சொல்லலாம் என்றால், பேச்சு எனக்குச் சாதகமாகத் திரும்புகிற நேரம் பார்த்து, "சிக்னல் சரியில்ல அத்தான்" என்று வைத்துவிடுவீர். கடிதத்தில் சிக்னல் எப்போதும் சரியாகவே இருக்கும். உட்கார்ந்து படியும்.

நான் உம்மிடம் கேட்டது என்ன? மகளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளை கப்பல் வேலையில் நடுக்கடலில் இருக்கிறார். மகள் குடியிருக்கும் வீடு ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். அங்கே சம்பந்தியம்மா எங்களை முந்திக்கொண்டு வந்து கட்டிலைப் பிடித்துவிட்டார். ஆகவே நாங்கள் வெளியே தங்கியாக வேண்டும். உம் அக்காவின் முழங்கால் உமக்குத் தெரியாததல்ல. மாடிப்படியைக் கண்டாலே அதை விரோதியைப் பார்ப்பது போல முறைப்பாள். அதனால்தான் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், நடந்து போகிற தூரத்தில் ஓர் அறை பார்க்கச் சொன்னேன். மெத்தை இப்படி இருக்க வேண்டும், வெந்நீர் அப்படி வர வேண்டும் என்றெல்லாம் கேட்டேனா? இடம் ஒன்றைத்தான் கேட்டேன். நீர் கம்ப்யூட்டரை நாலு தட்டு தட்டிவிட்டு, சுழல் நாற்காலியில் ஒரு சுற்று சுற்றி வந்து என்ன சொன்னீர்?

"அத்தான், ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே. நடக்கும் தூரம்தான். ஜன்னலைத் திறந்தா ஆஸ்பத்திரி. இங்கருந்து கல்லெறிஞ்சா அங்க போய் விழும். நீங்க கண்ணை மூடிக்கிட்டுப் போங்க."

கல்லெறிய நான் அங்கே போகவில்லை ஐயா. உம் அக்காவைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் போனேன். அவளை எறிய முடியாது.

ஸ்டேஷனிலிருந்து எங்களை ஏற்றி வந்த டாக்சிக்காரர் வழியிலேயே கேட்டார், "சார், ஹோட்டல் பக்கம் எறங்கணுமா, ஆஸ்பத்திரி பக்கம் எறங்கணுமா?" என்று. "ரெண்டும் ஒண்ணுதானேப்பா, எதிரெதிர்தானே" என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பொருள் பிறகுதான் விளங்கியது. விடுதி வரவேற்பில் கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞர், "உங்களுக்கு ஆஸ்பத்திரி தெரியுற ரூமாப் பார்த்துக் குடுத்திருக்கோம் சார்" என்று, கடல் தெரியும் அறையைக் கொடுத்தவர் போலப் பெருமைப்பட்டுக்கொண்டார். அறை மூன்றாம் மாடி, நல்லவேளையாக லிஃப்ட் இருந்தது. குளியலறைக் கதவைத் திறக்க வேண்டுமானால் ஒருவர் கட்டிலில் ஏறி நின்றுகொள்ள வேண்டும். நடையில் தீ விபத்து நேரத்தில் வெளியேறும் கதவின் மேல் 'அவசர வலி' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். என் பேனாவால் திருத்தித் தருகிறேன் என்று கழுத்துப்பட்டைக்காரரிடம் சொன்னேன். "ரொம்ப வருஷமா தொங்குது சார், இதுவரைக்கும் யாருக்கும் வலிக்கல" என்றார். பேச்சுக்குக் குறைச்சலில்லை.

சரி, ஜன்னலைத் திறந்தேன். ஆஸ்பத்திரி இருந்தது. ஒத்துக்கொள்கிறேன். நீர் சொன்னது பொய்யில்லை. வாசலில் நிற்கும் காவலாளியின் தொப்பி தெரிந்தது, மாடியில் காயும் வெள்ளைப் போர்வைகள் தெரிந்தன, உள்ளே போகிறவர்களின் முகவாட்டம்கூடத் தெரிந்தது. ஆனால் அதற்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சாலை ஓடியது பாரும், அதைச் சாலை என்று சொல்வது ஆற்றை வாய்க்கால் என்று சொல்வதற்குச் சமம். இந்தப் பக்கம் போகிற வண்டிகள், அதற்கப்பால் நெஞ்சளவு இரும்புக் கிராதி, அதற்கப்பால் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய பள்ளம், பள்ளத்தைச் சுற்றி இரண்டாள் உயரத் தகரம், மறுபடி கிராதி, அந்தப் பக்கம் வருகிற வண்டிகள். ஒரு நாய் கூடக் குறுக்கே போகவில்லை. நாய்களுக்கு விவரம் இருக்கிறது, அவை உம் கடையில் டிக்கெட் போடுவதில்லை.

அன்று சாயங்காலம் மகளுக்கு மருத்துவரைப் பார்க்கும் நேரம் குறித்திருந்தது. "நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துடுங்கப்பா, அங்க பார்த்துக்கலாம்" என்றிருந்தாள். எதிரேதானே என்று நிதானமாகக் கிளம்பி, விடுதி வாசல் காவலாளியிடம் வழி கேட்டேன்.

"எதிர்ப்பக்கமா சார்? இங்கருந்தா?"

"ஆமாப்பா."

"நடந்தா?"

"பின்ன, பறந்தா போவாங்க?"

அவர் உள்ளே திரும்பி, "அண்ணே, இங்க வாங்க, இவங்க எதிர்ப்பக்கம் நடந்து போறாங்களாம்" என்று ஆள் கூப்பிட்டார். இரண்டு பேரும் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். முன்பு ஒரு நடைமேம்பாலம் இருந்ததாம், மெட்ரோக்காரர்கள் பிரித்துவிட்டார்களாம். சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை இருக்கிறதாம். அதில் தண்ணீர் நிற்கிறதாம். "நீச்சல் தெரியுமா சார்?" என்று அந்த அண்ணன் உண்மையான அக்கறையோடு கேட்டார். நடக்கும் தூரம் என்று நீர் சொன்னபோது, என்னவெல்லாம் நடக்கும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். என் தப்பு.

டாக்சி பிடித்தோம். அந்தப் பக்கம் போவதற்கு முதலில் இந்தப் பக்கமாகவே போய்த் திரும்ப வேண்டும். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பக் கூடாது என்று பலகை. அடுத்த திருப்பத்துக்குள் வண்டி ஒரு பாலத்தில் ஏறிவிட்டது. "நிறுத்துப்பா, நிறுத்துப்பா" என்கிறேன். "ஏறியாச்சு சார். இனி அது எறக்கிவிடற எடத்துலதான் எறங்க முடியும்" என்கிறார் அவர், விதியைப் பற்றிப் பேசும் சாமியார் மாதிரி. அது எங்களை நகரத்தின் வேறொரு மூலையில் இறக்கிவிட்டது. மரச்சாமான் கடைகளாகவே ஒரு தெரு, ஒரு பஸ் பணிமனை, மதில் கட்டிய ஒரு மைதானம், மறுபடி அதே மரச்சாமான் தெரு. உம் அக்கா அந்தத் தெருவில் இரண்டாம் முறை போகும்போது ஓர் அலமாரியை விலை கேட்கலாமா என்று யோசித்தாள். கடைசியில் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார்.

"பார்வை நேரம் முடிஞ்சிடுச்சு. எங்கருந்து வர்றீங்க?"

"எதிர்லருந்து."

"எதிர்லருந்து வர்றதுக்கா இவ்வளவு நேரம்?"

அந்த நேரம் பார்த்து மகளும் சம்பந்தியம்மாவும் எல்லாம் முடித்துக்கொண்டு படியிறங்கி வருகிறார்கள். மகள் "என்னப்பா, வேர்த்து விறுவிறுத்து..." என்கிறாள். சம்பந்தியம்மா ஒரு சிரிப்புச் சிரித்தார் பாரும். "எதிர்லயே ரூம் போட்டிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். நாங்க ஊர்க்கோடியிலருந்து வந்து, டாக்டரையும் பார்த்துட்டுக் கிளம்பிட்டோம். பரவாயில்ல சம்பந்தி, நீங்க மெதுவா வாங்க" என்றார். மெதுவா வாங்க! கல்யாணத்தின்போதுகூட நான் அவரிடம் ஒரு பேச்சுக்கு இடம் கொடுத்ததில்லை. உம்மால் கொடுத்தேன்.

திரும்பி வந்ததும் உமக்குப் போன் செய்தேனே, அப்போது நீர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "அத்தான், மேப்புல பாருங்க, ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு." "ஒட்டிக்கிட்டு இருக்கிறதுக்கு நடுவுல ஒரு ரோடு இருக்குய்யா." "ரோடுன்னு இருந்தா தாண்டணும் அத்தான்."

ரோடு என்று இருந்தால் தாண்ட வேண்டும்! இந்தப் பெரிய உண்மையைச் சொன்ன பிற்பாடுதான் உனக்குச் சிக்னல் போனது. இனிமேல் இந்தக் கடிதத்தில் உன்னை நீ என்றுதான் எழுதப் போகிறேன். நீர் என்பதற்கு இங்கே இடமில்லை.

மறுநாள் காலை நான் சவரம் செய்துகொண்டிருக்கும்போது மகள் போன் செய்தாள். "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றாள். எனக்கு அந்தக் குரலே சொல்லிவிட்டது. உன் அக்கா வாங்கிக் கேட்டாள், "எப்பலருந்து? இடுப்புலயா? பயப்படாதே, நான் வந்துட்டேன்னு வெச்சுக்கோ" என்றாள். அவர்கள் டாக்சியில் ஏறிவிட்டார்களாம். நான் பாதி முகத்தில் நுரையோடு டாக்சி தேடிக் கீழே ஓடினேன். சாலையில் வண்டிகள் வாசல்படி மாதிரி அசையாமல் நிற்கின்றன. எங்கோ ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்துவிட்டதாம். எங்கள் பக்கம் மட்டும்தான் அப்படி. அந்தப் பக்கம் ஒழுகிக்கொண்டு போகிறது. மறுபடி மேலே ஓடினேன். உன் அக்கா ஜன்னலருகில் நிற்கிறாள்.

எதிரே ஒரு டாக்சி வந்து நின்றது. சம்பந்தியம்மா இறங்கினார். அப்புறம் எங்கள் பெண், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். இரண்டடி வைத்தாள். நின்றாள். அப்படியே குனிந்துவிட்டாள். நான் "அம்மாடி!" என்று கத்தினேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அத்தனை ஹாரன் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், அவளை உட்காரவைத்தார்கள், உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். எல்லாம் என் கண் முன்னால். நீ சொன்ன அதே ஜன்னலில். பெற்ற பெண் வலியில் துடிப்பதைப் படம் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கவைத்தாயே, அதற்கு நீ தள்ளுபடி வேறு வாங்கித் தந்ததாகப் பீற்றிக்கொண்டாய். நான் உன்மேல் கோபப்படுவது தப்பா? சொல்லு.

"நீங்க இங்கயே நின்னு கத்திக்கிட்டு இருங்க. நான் போறேன்" என்றாள் உன் அக்கா.

போய்விட்டாள். முழங்கால்காரி! நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடிப் பார்த்தால், நின்றுபோன வண்டிகளுக்கு இடையில் புகுந்து, கிராதியில் ஓரிடத்தில் வேலையாட்கள் போய்வர விட்டிருந்த திறப்பு வழியாக நுழைந்து, மெட்ரோக்காரர்களின் தகரக் கதவை இரண்டு கையாலும் படபடவென்று தட்டிக்கொண்டிருக்கிறாள். தலைக்கவசம் போட்ட ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். இன்ஜினியராம். நம் மகள் வயதுதான் இருக்கும்.

"இங்கெல்லாம் வரக் கூடாதும்மா. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா என் வேலை போயிடும்."

"எனக்கு இப்பவே என்னென்னமோ ஆயிட்டிருக்கும்மா. தோ, அந்த வாசல்ல இப்ப உள்ள கொண்டுபோனாங்களே, அது எம் பொண்ணு. தலைப்பிரசவம். நான் வந்துட்டேன்னு சொல்லிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிடாதே."

அந்தப் பெண் ஆஸ்பத்திரியைப் பார்த்தாள். உன் அக்காவின் காலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அதில் பாதி சவரம் ஆகியிருந்தது. பிறகு கையிலிருந்த வாக்கிடாக்கியில், "கூண்டை நிறுத்தி வைங்க. ஆள் வருது, ரெண்டு பேர்" என்றாள்.

எங்கள் தலையில் ஆளுக்கொரு மஞ்சள் கவசத்தைக் கவிழ்த்து, சிமெண்டு மூட்டை இறக்கும் கூண்டில் நிற்கவைத்தார்கள். நம்மூர் வங்கியில் லிஃப்ட் ஏறவே கண்ணை இறுக்கிக்கொள்பவள், இங்கே ஒரு சிமெண்டு மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடவில்லை. நான் மூடிக்கொண்டேன். கீழே இறங்கினால், அப்பாடா, கோயில் மண்டபம் மாதிரி ஒரு குகை. தண்டவாளம் இன்னும் போடவில்லை. ஆணும் பெண்ணுமாக நூறு பேர் வேலை செய்கிறார்கள். இன்ஜினியர் பெண் முன்னால் நடக்க, "வழி விடுங்க, பிரசவம், பிரசவம்" என்று ஒருவர் சொல்லி ஒருவர் சொல்லி அந்த வார்த்தை எங்களுக்கு முன்னால் ஓடியது. பற்றவைப்பு வேலை நின்றது, துளைபோடும் இயந்திரம் நின்றது. எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்று எங்களைப் பார்த்தார்கள். "ஆணா, பொண்ணா?" என்று சாரத்தின் மேலிருந்து ஒருவர் கேட்டார். "இன்னும் பொறக்கலைப்பா!" என்று உன் அக்கா நடந்துகொண்டே அண்ணாந்து பதில் சொன்னாள். அவளுக்கு ஈடுகொடுத்து என்னால் நடக்க முடியவில்லை.

குகை சாலைக்கு அடியிலேயே அந்தப் பக்கம்வரை போனது; அங்கிருந்த கூண்டு எங்களை ஆஸ்பத்திரி வாசலுக்கு அருகிலேயே மேலே கொண்டுவந்து விட்டது. அவசரத்தில் தலைக்கவசத்தைக் கழற்ற மறந்துவிட்டோம். அங்கேதான் வந்தது வினை. வரவேற்பிலிருந்த பெண் உன் அக்காவைப் பார்த்ததும், "விபத்துப் பிரிவு இடது பக்கம்மா, ஸ்ட்ரெச்சர் வேணுமா?" என்றாள். என்னை நோயாளிகளைப் பார்க்க வந்த கூட்டம் சூழ்ந்துகொண்டது. "ஏன்யா, வருஷக்கணக்கா தோண்டுறீங்க, எப்பய்யா முடிப்பீங்க?" என்று ஒரு பெரியவர் என் சட்டையைப் பிடித்தார். "தூசியில நோயாளிங்க செத்துப் பொழைக்கிறாங்க" என்றார் இன்னொருவர். "நடைபாலத்தை எங்கய்யா கொண்டுபோய் வித்தீங்க?" என்று ஓர் அம்மாள் கேட்டார், அது நானே கேட்க வேண்டிய கேள்வி. தப்பித்தால் போதும் என்று, "அடுத்த மாசம் முடிச்சிடறோம்" என்று சொல்லிவிட்டேன். கை தட்டினார்கள். ஒரு பொய்யும் அச்சேறவிடாத மனுஷன் நான். என்னைப் பொய் வாக்குறுதி கொடுக்கிறவன் ஆக்கினாய்.

பிரசவ அறை வாசலில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். ஒருவர்தான் உள்ளே போகலாமாம். இன்றைக்கு என்ன சொல்லிக் குத்தப் போகிறாரோ என்று பார்த்தேன். அவர் எழுந்து வந்து, உன் அக்காவின் தலைக்கவசத்தைக் கழற்றினார். முந்தானையால் அவள் முகத்துச் சிமெண்டைத் துடைத்தார். "நீங்க போங்க சம்பந்தி. அவ உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. நான் கையைப் பிடிச்சா, அம்மா எங்கன்னு கேக்கறா" என்றார். ஆகவே இப்போது சம்பந்தியம்மாவும் நல்லவராகிவிட்டார். கோபப்பட எனக்கு நீ ஒருத்தன்தான் மிச்சம்.

முகத்தைத் துடைத்தாரே தவிர, தலைமுடியையும் புடவையையும் யாரும் கவனிக்கவில்லை. எங்கள் பெண் வலியின் உச்சத்தில் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறாள். சாம்பல் பூசிய தலையோடு அம்மா. "என்னம்மா இது, சுவர்லருந்து வந்தியா?" என்று கேட்டிருக்கிறாள். "பூமிக்குள்ளருந்து வர்றேன்டி" என்றாளாம் இவள். பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நர்சுக்கே தெரியவில்லையாம். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் பேத்தி பிறந்தாள். இதைத்தான் உன் அக்கா போனில் "சுகமா ஆச்சு தம்பி" என்று ஒரே வார்த்தையில் முடித்தாள்.

இப்போது தீர்ப்பு. நாளைக் காலையோடு இந்த அறையைக் காலி செய்கிறோம். மிச்ச நாட்களுக்கான பதிவை உடனே ரத்து செய். மரச்சாமான் தெருவில் ஒரு விடுதி பார்த்து வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வெகு தூரம், கண்ணுக்கே தெரியாது, ஆனால் அந்தப் பாலம் இறக்கிவிடுகிற இடம், ஏமாற்றம் கிடையாது. இனி என் ஜன்மத்தில் உன் கடையில் பஸ் டிக்கெட்கூடப் போட மாட்டேன். அடுத்த முறை யாராவது உன்னிடம் வந்து இடம் வசதியாக இருக்க வேண்டும் என்று கேட்டால், எந்தக் காலால், எந்த வழியாக, யாரைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் கம்ப்யூட்டரைத் தட்டு. ஊரிலிருந்து நீ குழந்தை பார்க்க வரும்போது நம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. சாப்பாடு மட்டும் இருக்கும்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, தகப்பன் வழித் தொழிலைத் தவிர வேறு எதையாவது செய்து, பேரும் புகழுமாக வாழ என் மனமார்ந்த ஆசிகள். தங்களுக்கும் ஆசிகள் உண்டு. கோபம் தணிந்ததும் தனியாக அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அக்காளைக் கட்டிய பாவத்துக்காக,
அத்தான்

பி.கு.: அறையை ரத்து செய்துவிடாதே. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும் சமயத்தில் உன் அக்கா, "இங்க கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டாள். பெட்டி கட்டச் சொன்னால் இவள் ஜன்னலில் நிற்கிறாள். எங்கள் பெண்ணை அறை மாற்றியிருக்கிறார்கள். சாலையைப் பார்த்த அறை, எங்களுக்கு நேர் எதிர் மாடி. அவள் ஜன்னலோரம் வந்து நின்று, வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு மூட்டையைத் தூக்கிக் காட்டினாள். பார்வை நேரம், காவலாளி, டாக்சி, பாலம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. உன் அக்கா நாற்காலியை அங்கேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருப்பதாக இல்லை. மகள் வீடு திரும்பும்வரை இந்த அறையே வேண்டும், இதே அறை, பக்கத்து அறைகூட உதவாது, உடனே போன் செய்து உறுதிப்படுத்து. மாப்பிள்ளையும் கரைக்கு வந்ததும் இங்கேதான் தங்குவாராம். அவருக்கும் ஒன்று போட்டு வை. நான் ரொம்ப நேரம் துண்டை வீசிக் கையாட்டினேன். பேத்தி திரும்பக் கையாட்டவில்லை, தூங்கிக்கொண்டிருக்கிறாள் போல. அதற்கு மட்டும் உன்மேல் குற்றம் சொல்ல மாட்டேன்.